கேளாமல் அளந்தது அளவாகுமா?

நம் மன்றத்து மலரில் கவிதை உண்டு, கதை உண்டு, விடுதிச் சாப்பாட்டைப் பற்றிய புலம்பலும் தவறாமல் உண்டு. ஆய்வுக்கூடத்தைப் பற்றிய பேச்சு மட்டும் அரிது. நாளில் பத்து மணி நேரத்தை எங்கே கழிக்கிறோமோ அந்த இடத்தைப் பற்றித் தமிழில் வாய் திறக்கக்கூடாது என்று எவரும் சட்டம் இயற்றிவிடவில்லை. ஆகவே இம்முறை நான் கருவியைப் பற்றி எழுதத் துணிகிறேன். கருவியைப் பற்றி என்பதைவிட, கருவியோடு நாம் பேசும் முறையைப் பற்றி என்று சொல்வதே பொருந்தும். அந்த முறை சரியில்லை என்பது என் கருத்து. பொருளியலும் வரலாறும் பயிலும் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. செய்தி அவ்வளவு கடினமானதன்று.

இன்று மானியின் முகத்தைப் பார்த்துக் குறிப்பேட்டில் எண்ணை எழுதிக்கொண்டிருப்பார் எவரும் இல்லை. கணிப்பொறி கேட்கிறது, மானி சொல்கிறது, கோப்பில் எண் ஏறுகிறது. நாம் தேநீர் பருகப் போய்விடுகிறோம். இந்த வசதி நேற்று வந்ததன்று. ஹ்யூலெட்-பேக்கர்டு நிறுவனத்தார் 1960களின் பிற்பகுதியில் தம் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்க ஒரு முறை வகுத்தனர். அதுவே 1975-இல் ஐ.இ.இ.இ. 488 என்னும் பொதுத் தரமாயிற்று. ஜி.பி.ஐ.பி. என்று நாம் அழைக்கும் அந்தக் கனத்த கேபிள், ஒன்றன் மேல் ஒன்றாகச் செருகினால் இட்லித் தட்டுப் போல் அடுக்கி நிற்குமே, அதுதான். 1987-இல் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான கட்டளைகளையும் நிலைக் குறிப்புகளையும் வகுத்து 488.2 என்னும் தரம் வந்தது. 1990-இல் ஸ்கிப்பி என்னும் பொதுக் கட்டளை மொழி வந்தது. நம் துறையில் எந்த மானியைத் திறந்தாலும் இம்மூன்றின் வாரிசாகவே இருக்கும்.

அந்தக் கேபிளுக்குள் செய்திக்கென 16 கம்பிகள் உள்ளன. எட்டுக் கம்பிகள் எண்ணையும் எழுத்தையும் சுமக்கின்றன. மூன்று கம்பிகள், 'சொன்னேன், கேட்டாயா' என்று கைகோத்துச் சரிபார்க்கின்றன. கூட்டத்தில் மிகவும் மெதுவானவன் கேட்டு முடிக்கும்வரை பேசுபவன் அடுத்த சொல்லைச் சொல்லமாட்டான். (நம் வகுப்பறைகளில் இந்தப் பண்பு ஏன் இல்லை என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.) எஞ்சிய ஐந்தும் நிருவாகக் கம்பிகள். அவ்வைந்தில் ஒன்றுக்கு எஸ்.ஆர்.க்யூ. என்று பெயர். சேவை வேண்டும் என்று கருவி தானாகக் கணிப்பொறியை அழைக்கும் கம்பி அது. என் கட்டுரை அந்த ஒற்றைக் கம்பியைப் பற்றியது.

மனுநீதிச் சோழன் வாயிலில் ஆராய்ச்சி மணி தொங்கிய கதையை நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்தவர்கள். அரசன் நாள்தோறும் வீடு வீடாகச் சென்று, 'உனக்குக் குறை உண்டா, உனக்குக் குறை உண்டா' என்று கேட்டுக்கொண்டிருக்கவில்லை. குறையுடையார் வந்து கயிற்றை இழுப்பர். மணி ஓசை கேட்டதும் அரசன் வெளியே வந்து, இழுத்தவர் யார், குறை என்ன என்று வினவுவான். எஸ்.ஆர்.க்யூ. கம்பியின் நடைமுறை இதுவேதான். மணி ஒன்று, கயிறு எல்லோருக்கும் பொது. ஓசை கேட்டதனால் மட்டும் இழுத்தது பசுவா மனிதனா என்று தெரியாது. ஆகவே கணிப்பொறி ஒவ்வொரு கருவியாக நிலை எண்ணைக் கேட்டு, அழைத்தவன் யார் என்று கண்டுகொள்கிறது. இவ்வளவு செவ்வையான ஏற்பாட்டை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்கிறோம்? உறங்குகிறோம்!

'உறங்குகிறோம்' என்று நான் வசைக்காகச் சொல்லவில்லை. நம் நிரல்களில் உள்ள சொல்லே அதுதான். அளவெடு என்று ஆணையிடுவது; இரண்டு வினாடி உறங்குவது; எண்ணை வாங்குவது; அடுத்த படிக்குப் போவது. இந்த இரண்டு வினாடி எங்கிருந்து வந்தது? நான் இங்கு வந்த முதல் மாதத்தில் ஒரு முதுநிலை அண்ணனிடம் கேட்டேன்.

"எனக்கு முந்தினவர் வைத்தது, தம்பி. ஓடுகிறதல்லவா? கை வைக்காதே," என்றார்.

அவருக்கு முந்தினவர் பட்டம் பெற்றுக் கடல் கடந்துவிட்டார். அந்த இரண்டு மட்டும் கோப்பில் குலதெய்வம் போல் வீற்றிருக்கிறது. ஏன் என்று கேட்பார் இல்லை. பூசை மட்டும் நடக்கிறது.

இதனால் என்ன கெட்டுவிடும் என்பீர்கள். நான் அறிந்த ஓர் ஆய்வுக்கூடத்தில் கெட்டதைச் சொல்கிறேன். ஒரு படலத்தின் மின்தடையை வெப்பநிலையோடு சேர்த்து அளந்துகொண்டிருந்தார் ஆய்வு மாணவர் ஒருவர். அரைக் கெல்வின் படியாக வெப்பநிலையை ஏற்றுவது, அது நிலைத்ததும் மானிக்கு ஆணையிடுவது, ஒரு வினாடி உறங்குவது, கடைசி அளவை வாங்குவது என்று நிரல் ஓடியது. இரைச்சல் மிகுதியாக இருக்கிறதென்று ஒருநாள் மானியில் சராசரி எடுக்கும் வசதியை முடுக்கிவிட்டார். நம் ஊர் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. ஓர் அளவுக்குப் பத்துச் சுற்று என்றால் 0.2 வினாடி. பத்து அளவுகளின் சராசரி என்றால் குறைந்தது 2 வினாடி. நிரலோ ஒரு வினாடியிலேயே விழித்துக்கொண்டு, 'கடைசியாக உள்ள அளவைக் கொடு' என்று கேட்டது. மானி என்ன செய்யும்? புதிய அளவு இன்னும் முடியவில்லை. கையில் இருந்தது முந்தைய படியின் அளவு. கேட்டதைக் கொடுத்தது. பிழை என்று ஒரு சொல்லும் வரவில்லை. கேள்வியும் சரி, விடையும் சரியன்றோ!

விளைவைக் கேளுங்கள். ஒவ்வொரு வெப்பநிலைக்கும் நேராக, அதற்கு முந்தைய வெப்பநிலையின் மின்தடை பதிந்தது. சூடேற்றும்போது வளைகோடு அரைக் கெல்வின் மேலே நகர்ந்தது. குளிர்விக்கும்போது அரைக் கெல்வின் கீழே நகர்ந்தது. இரண்டையும் ஒரே தாளில் வரைந்தால் நடுவே ஒரு கெல்வின் அகலத்தில் அழகான தயக்கக் கண்ணி! முதல் வகைக் கட்ட மாற்றம் உள்ள பொருள்களில் இத்தகைய கண்ணி இயற்கையாகவே தோன்றும். ஆகவே எல்லோரும் மகிழ்ந்தார்கள். மாணவர் விளக்கம் எழுதினார். வழிகாட்டி தலையசைத்தார். இரண்டு மாதம் கழிந்தபின், இன்னும் நுணுக்கமாக அளக்கலாமே என்று படியைக் கால் கெல்வின் ஆக்கினார்கள். கண்ணியின் அகலமும் சரிபாதியாகக் குறைந்து அரைக் கெல்வின் ஆயிற்று. பொருளின் இயல்பு நாம் வைக்கும் படியைப் பார்த்தா சுருங்கும்? அப்போதுதான் ஐயம் பிறந்தது. ஆய்வேட்டிலிருந்து ஒரு பகுதியையே கிழித்தெறிய நேர்ந்தது. அந்த மாணவர் பொய்யர் அல்லர், சோம்பேறியும் அல்லர். இரவு இரண்டு மணிவரை குளிர்கலத்தின் அருகே காத்துக்கிடந்தவர். அவர் பதிந்த எண்களில் ஒன்றுகூட இட்டுக்கட்டியது அன்று. இருந்தும் அவை அத்தனையும் பொய்! இதைவிட வருத்தத்துக்குரியது வேறு என்ன இருக்கிறது?

'முடித்துவிட்டாயா?' என்று ஒரு முறை கேட்டிருந்தால் இது நேர்ந்திராது. அந்தக் கேள்விக்கு 488.2 தரத்தில் மூன்றே எழுத்துக் கட்டளை உண்டு. *ஓபிசி? என்று கேள்விக்குறியோடு அனுப்பினால், மானி நிலுவையில் உள்ள வேலையை முடித்தபின் 1 என்று விடை சொல்லும். முடியும்வரை வாய் திறவாது. கேள்விக்குறி இல்லாமல் *ஓபிசி என்று அனுப்பினால் விடை வராது. வேலை முடிந்ததும் நிகழ்ச்சிப் பதிவேட்டில் முதற் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்துவிடும். இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள ஒரு நாழிகை போதும். பலர் இரண்டும் ஒன்றென்றே எண்ணியிருக்கிறார்கள்.

நிகழ்ச்சிப் பதிவேடு என்பது எட்டுக் கட்டம் உள்ள ஒரு பலகை. வேலை முடிந்தது 1. கேட்டு வாங்குவதில் குழப்பம் 4. கருவிக்கே உரிய கோளாறு 8. ஆணை புரிந்தது, ஆனால் நிறைவேற்ற முடியாதது 16. ஆணையே புரியவில்லை 32. மின்சாரம் போய் வந்தது 128. *ஈஎஸ்ஆர்? என்று கேட்டால் இவற்றின் கூட்டுத்தொகை வரும். படித்தவுடன் பலகை துடைக்கப்பட்டுவிடும். இவற்றுள் எவை மேலிடத்திற்குப் போகலாம் என்று *ஈஎஸ்இ கட்டளையால் நாம் சொல்ல வேண்டும். மேலிடம் என்பது நிலை எண். அதில் இந்தப் பலகைக்கு உரிய கட்டம் 32. அந்தக் கட்டம் மணி அடிக்கலாம் என்று *எஸ்ஆர்இ 32 என்பதால் சொல்ல வேண்டும். இரண்டு அனுமதியும் இல்லையேல் கயிறு அறுந்த மணிதான். கருவிக்குள் கோளாறு இருக்கும், வெளியே ஓசை இராது.

எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலும் *ஈஎஸ்இ 1 என்றே போட்டிருக்கும். வேலை முடிந்தால் மட்டும் சொல் என்பது பொருள். நற்செய்தி மட்டும் வேண்டும் என்பாரைப் போன்றது இது. அளவைத் தொடங்கும் ஆணையில் ஓர் எழுத்து பிழையாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மானிக்கு ஆணை புரியாது, அளவு தொடங்காது. அடுத்து வரும் *ஓபிசி மட்டும் புரியும். நிலுவையில் வேலை ஒன்றும் இல்லையே! ஆகவே உடனே 'முடிந்தது' என்று மணி அடித்துவிடும். எதுவும் செய்யாமலே முடிந்துவிட்ட வேலை! சில அலுவலகங்களில் இதைக் கண்டிருக்கிறோம். *ஈஎஸ்இ 61 என்று எழுதினால் பிழைகள் நான்கும் முடிவும் சேர்ந்து மணிக்கு உரிமை பெறும். மணி அடித்தபின் பதிவேட்டைப் படித்தால் 1 வர வேண்டும். 33 வந்தால் ஆணை புரியவில்லை என்று பொருள். 61-க்கும் 1-க்கும் தட்டெழுத்தில் ஓரெழுத்து வேறுபாடு. கோப்பின் நேர்மையில் எவ்வளவு வேறுபாடு!

128-ஐப் பற்றியும் ஒரு சொல். நள்ளிரவில் அரை வினாடி மின்சாரம் போய் வருவது நம் வளாகத்தில் புதுமையன்று. மானி மறுபடி உயிர்பெற்று, தன் பிறவி நிலைக்குத் திரும்பி, நேர் மின்னழுத்தம் அளக்கத் தொடங்கிவிடும். நாம் மாலையில் வைத்துவிட்டுப் போனது நான்கு கம்பி மின்தடை. ஜி.பி.ஐ.பி. தொடர்பில் கணிப்பொறிக்கு இது தெரியவே தெரியாது. வரும் எண்ணை வாங்கி அடுக்கிக்கொண்டே போகும். காலையில் வந்து பார்க்கும் மாணவன், மாதிரி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி அதைக் குப்பையில் போடுகிறான். பதிவேட்டின் எட்டாம் கட்டம் இரவு முழுவதும் உண்மையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது, கேட்பார்தாம் இல்லை.

எதிர்வாதம் உண்டு, அதையும் மறைக்கமாட்டேன். எங்கள் கூடத்திலேயே திறமைமிக்க நண்பர் ஒருவர், "மூன்று வினாடி உறங்கினால் எல்லாம் சரியாகும், இந்தக் கட்டம், பலகை, மணி எல்லாம் தலைவலி," என்கிறார். பாதி உண்மை. ஒரே மானி, சிறிய அளவு என்றால் மணி தேவையில்லை, *ஓபிசி? ஒன்றே போதும், காத்திருப்பின் எல்லையை மட்டும் தாராளமாக வைத்துக்கொள்ள வேண்டும். அவர் சொல்லும் மூன்று வினாடிக்கு மட்டும் நான் உடன்படமாட்டேன். அளவு ஒரு வினாடியில் முடிந்தால் படிக்கு இரண்டு வினாடி வீண். 600 படிக்கு 20 நிமிடம். அவ்வளவு நேரமும் திரவ ஹீலியம் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. அளவு நான்கு வினாடி எடுத்தாலோ பழைய கதைதான். உறக்கம் மிகுந்தால் பணம் போகிறது, குறைந்தால் மானம் போகிறது. மூன்று நான்கு கருவிகள் ஒரு கேபிளில் இருக்கும்போதும், மணிக்கணக்கில் நீளும் அளவிலும், எல்லை மீறினால் உடனே மின்னோட்டத்தை நிறுத்தியாக வேண்டிய இடத்திலும், மணியைப் போல் உதவுவது வேறில்லை.

கம்பியின் காலம் போய்விட்டது என்பாரும் உண்டு. யு.எஸ்.பி. வழியில் கம்பி இல்லாவிட்டாலும் அதே அழைப்பைக் கொண்டுசெல்லத் தனி வாயில் வகுத்திருக்கிறார்கள். வலைக் கேபிளில் வி.எக்ஸ்.ஐ.-11 முறைக்கும் அது உண்டு. வெறும் சாக்கெட் வழியாகக் கட்டளை அனுப்புவோருக்குத்தான் பொதுவாக மணி கிடையாது, அவர்கள் *எஸ்டிபி? என்று இடையிடையே கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்பதற்கு வழியற்ற மானி ஒன்றையும் நான் இதுவரை தொட்டதில்லை.

நிலை எண்ணே எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நான் வாதிடவில்லை. மானி முடித்தது வேறு, மாதிரி அமைதியடைந்தது வேறு. எஸ்.ஆர்.830 போன்ற லாக்-இன் பெருக்கியில் அதிர்வெண்ணை மாற்றினால், வடிகட்டியின் கால மாறிலியைப் போல் ஐந்து முதல் பத்து மடங்கு நேரம் பொறுத்தே தீர வேண்டும். அது இயற்கை விதித்த காத்திருப்பு. எந்தப் பதிவேடும் அதைக் குறைக்காது. அங்கே உறங்குங்கள், வேண்டா என்பார் யார்? ஆனால் எவ்வளவு, ஏன் என்று கணக்கிட்டு உறங்குங்கள். அதே பெருக்கியில் உள்வாய் நிரம்பி வழிந்தாலும், ஒப்பலையோடு உள்ள பிடி நழுவினாலும், அது எண்ணைக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். முகப்பில் ஒரு சிறு விளக்கு மட்டும் எரியும். நாம்தான் அறையிலேயே இல்லையே! அந்த விளக்கின் செய்தி அதன் நிலைப் பதிவேட்டிலும் இருக்கிறது: உள்வாய் நிரம்பினால் 1, வடிகட்டி நிரம்பினால் 2, வெளிவாய் நிரம்பினால் 4, பிடி நழுவினால் 8.

இத்தனையும் கையேட்டில் அச்சாகி இருக்கிறது. எவரும் ஏன் படிப்பதில்லை? கையேட்டின் பின்பகுதியில், கோபுரத்தின் நிலைகளைப் போலக் கட்டங்கள் அடுக்கிய ஒரு படத்தோடு அந்த இயல் வருகிறது. கண்டதும் பக்கத்தைத் தள்ளிவிடுகிறோம். செய்முறைத் தேர்வில் முப்பட்டகத்தையும் மீட்டர் சமனச் சுற்றையும் கேட்கிறார்கள்; நிலை எண்ணைக் கேட்பதில்லை. கேட்காததை நாம் படிப்பதும் இல்லை. துறையில் முதலாண்டிலேயே ஒரு வாரம் இதற்கு ஒதுக்க வேண்டும் என்பது என் முதல் கோரிக்கை. இரண்டாவது நம் கையிலேயே இருப்பது: கோப்பில் வெப்பநிலைக்கு ஒரு நிரை, மின்தடைக்கு ஒரு நிரை என்று வைக்கிறோமே, பக்கத்தில் நிகழ்ச்சிப் பதிவேட்டின் எண்ணுக்கும் ஒரு நிரை வையுங்கள். வட்டில் அதற்கு ஆகும் இடம் ஒன்றுமேயில்லை. ஓராண்டு கழித்து எவரேனும் ஐயுற்றால், அந்த அளவு எடுக்கப்பட்ட நொடியில் மானி என்ன சொன்னது என்பதற்குச் சான்று இருக்கும். ஓட்டம் முடிந்ததும் பிழை வரிசையை, 'பிழை இல்லை' என்று 0 வரும்வரை, ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக் கோப்பின் அடியில் எழுதிவிடுங்கள்.

மூன்றாவது கோரிக்கை நம் மன்றத்துக்கு. ஆண்டுதோறும் பட்டிமன்றம் வைக்கிறோம், நன்று. தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு இங்கு வரும் தம்பி தங்கையர் முதல் ஆறு மாதம் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? நான் விருதுநகர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து அப்படி வந்தவன்தான். ஆய்வுக்கூடத்தில் ஆங்கிலமும் இந்தியும் மாறி மாறிப் பறக்கும். ஏன் இரண்டு வினாடி என்று கேட்க நா எழாது. கொடுத்த நிரலை அப்படியே ஓட்டிவிடுவோம். குலதெய்வங்கள் இப்படித்தான் வாழ்கின்றன. மேலே சொன்ன கட்டங்களும் மணியும் தமிழில் சொன்னால் இரண்டு மாலைப்பொழுதில் விளங்கிவிடும். சென்ற பருவத்தில் விடுதி மாடியில் வேதியியல் தங்கை ஒருத்திக்கும் அவள் தோழியர் இருவருக்கும் சொல்லிப் பார்த்தேன். மூன்றாம் நாள் அவள் தன் கூடத்து நிரலில் *ஈஎஸ்இ 61 என்று எழுதிவிட்டு, "அண்ணா, 16 வந்தது, என்ன பொருள்?" என்று கேட்டாள். மின்னோட்டத்தின் வரம்பு மீறிய எண் ஒன்று அந்த நிரலில் நெடுநாளாக இருந்திருக்கிறது. மானி அதை ஒவ்வொரு முறையும் மறுத்துவிட்டு, பழைய மதிப்பிலேயே ஓடியிருக்கிறது. ஒருவருக்கும் தெரியாது.

பருவத்துக்கு இரண்டு சனிக்கிழமைகளை மன்றம் இதற்கு ஒதுக்கினால் போதும். கணிப்பொறி அவரவர் கொண்டு வரலாம். ஆய்வு மாணவர் ஒருவர் தம் கூடத்தில் சும்மா கிடக்கும் பழைய மானியை இரவல் தர இசைந்திருக்கிறார். ஜி.பி.ஐ.பி.-யை யு.எஸ்.பி. ஆக்கும் இணைப்பி ஒன்று மட்டும் வேண்டும். விலை மிகுதி, வாங்க இயலாது. எவர் கூடத்திலேனும் சனிக்கிழமை ஓய்ந்திருந்தால் செயலாளரிடம் சொல்லுங்கள்.